நான்கு வயது மகனுக்கு நெஃப்ரோடிக் சிண்ட்ரோம்: ஸ்டீராய்டை நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், சிறுநீரில் புரதம் ஒழுகும் இந்தச் சிறுநீரக நோய்க்கு மகனுக்கு மூன்று மாதம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு வாரத்தில் முகம் உருண்டுவிட்டது, ஓயாத பசி, தொட்டதற்கெல்லாம் அழுகை. சொந்தக்காரர்கள் "ஸ்டீராய்டு விஷம், நிறுத்து" என்கிறார்கள். உங்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்து யார் யார் என்னென்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதே ஆட்கள் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள்.

நான் மருத்துவன் இல்லை. காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடித் தளக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்போடு சரி. "மருத்துவக் கேள்விக்குக் கல் ஊற்றுகிறவன் பதில் சொல்லலாமா" என்று கேட்கத் துடிப்பவர்கள் முழுவதும் படித்துவிட்டுக் கேளுங்கள். நான் மருந்தோ அளவோ சொல்லப்போவதில்லை. நான் செய்த தவறைச் சொல்லப்போகிறேன், அதற்குப் பட்டம் வேண்டியதில்லை.

2016, ஆடி மாதம். என் மகளுக்கு மூன்றரை வயது. காலையில் எழும்போது இரண்டு இமைகளும் புடைத்திருக்கும், பகலுக்குள் வடிந்துவிடும். அவளுடைய அப்பத்தாவுக்கு ஒரே பெருமை. "இப்போதுதான் பிள்ளைக்குக் கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது" என்று சொல்லி, வெள்ளிக்கிழமைதோறும் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார். ஒரு மருத்துவர் ஒவ்வாமை என்று கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். இன்னொருவர் பூச்சிக்கடி என்றார். மூன்று வாரம் போனது. ஒருநாள் குளிப்பாட்டும்போது என் மனைவி கொலுசைக் கழற்றப் பார்த்தாள், வரவில்லை. திருகாணியைத் திருகி எடுத்ததும், கணுக்காலில் கொலுசின் ஒவ்வொரு மணியும் பதிந்திருந்தது. பச்சைச் சிமெண்டில் விரல் பட்டால் எப்படிக் குழி விழுமோ அப்படி. கழிப்பறையில் அவள் சிறுநீர் நுரைத்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். சோப்பு நுரை என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறேன்.

அந்த மூன்று வாரத்தில் ஒருவராவது ஒரு சிறுநீர்ப் பரிசோதனை எழுதியிருந்தால் போதும். ஒரு தேநீரும் வடையும் சாப்பிடும் காசுதான் ஆகும். யார் மேலும் வழக்குப் போட வரவில்லை, ஆனால் ஆற்றாமை இன்னும் போகவில்லை.

மதுரைக்குக் கொண்டுபோனோம். சிறுநீரில் புரதம் நான்கு பிளஸ், அதாவது மிக அதிகம். இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் 1.6தான், மிகக் குறைவு. கொழுப்பு 400-ஐத் தாண்டிவிட்டது. "மூன்றரை வயதுக் குழந்தைக்குக் கொழுப்பா? இவள் என்ன தினமும் உப்புக்கறியா தின்கிறாள்?" என்று நான் சண்டைக்குப் போனேன். அந்த மருத்துவர் அம்மா பொறுமைசாலி. என் தொழிலைக் கேட்டுவிட்டு, "மணல் சலிப்பீர்களா?" என்றார். சிறுநீரகத்தில் இருக்கும் சல்லடையின் கண் தளர்ந்துவிட்டது, இரத்தத்தில் நிற்க வேண்டிய புரதம் ஒழுகிப் போகிறது, அதனால் நீர் இரத்தக்குழாயை விட்டு வெளியேறித் தோலுக்கடியில் கோத்துக்கொள்கிறது, போன புரதத்தை ஈடுகட்டக் கல்லீரல் மும்முரமாக வேலை செய்யும்போது கொழுப்பும் சேர்ந்து ஏறுகிறது என்றார். இந்த வயதில் இந்த அறிகுறிகளோடு வரும் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் சிறுநீரகத்தில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை, ஸ்டீராய்டுக்கு அடங்குகிறதா என்பதே பாதிப் பரிசோதனை, பத்தில் எட்டு ஒன்பது பிள்ளைகளுக்கு அடங்கிவிடும் என்றும் சொன்னார். ஆறு வாரம் தினமும், அடுத்த ஆறு வாரம் ஒன்று விட்டு ஒரு நாள். உங்கள் மகனுக்கும் அநேகமாக இதே கணக்குதான் இருக்கும்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. சென்னையில் இருக்கும் பங்காளி வீட்டுப் பையனுக்கு முன்பு இதே நோய்க்கு ஆறு மாதம் கொடுத்திருந்தார்கள். எங்களுக்கு ஏன் மூன்று மாதம்? பட்டிக்காட்டான் என்று பாதி வைத்தியம் பார்க்கிறார்களா? கேட்டேவிட்டேன்.

அவர் சொன்னதைப் பிறகு தெரிந்த பையனை விட்டுப் படிக்கச் சொல்லி உறுதிசெய்துகொண்டேன். இந்தியாவிலேயே ஐந்து மருத்துவமனைகளில், முதல்முறை இந்த நோய் வந்த 181 குழந்தைகளை வைத்து இதே கேள்வியை ஆராய்ந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் மூன்று மாதம் மருந்து. அதன்பின் ஒரு பாதிக்கு இன்னும் மூன்று மாதம் மருந்து, மறு பாதிக்கு மருந்தே இல்லாத, பார்க்க ஒன்றுபோல இருக்கும் மாத்திரை. எந்தக் குழந்தைக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, பெற்றவருக்கும் தெரியாது. நீட்டிக் கொடுத்ததால் நோய் திரும்புவது குறிப்பிடும்படி குறையவில்லை. 2015-ல் கிட்னி இன்டர்நேஷனல் என்ற இதழில் வந்தது. பிறகு இங்கிலாந்திலும் வேறு கால அளவுகளை வைத்து இப்படிச் செய்து பார்த்து, 2019-ல் கிட்டத்தட்ட இதே முடிவுக்கு வந்தார்கள்.

அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. "சீக்குப் பிள்ளைக்கு மாவு மாத்திரை கொடுத்தார்களா? பெற்றவர்கள் எப்படிச் சம்மதித்தார்கள்?" என்று கத்தினேன். அவர், "அவர்கள் சம்மதித்ததால்தான் உங்கள் மகளுக்கு மூன்று மாதம் மிச்சம்" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டைக் கூப்பிட்டார். வெளியே வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. மாவு மாத்திரை விழுங்கிய பிள்ளைகள் ஏமாந்தவர்கள் இல்லை, வீணான மூன்று மாத ஸ்டீராய்டிலிருந்து தப்பித்தவர்கள். அது முன்கூட்டி யாருக்கும் தெரியாது. என்னைக் கேட்டிருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். "என் பிள்ளை என்ன எலியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்திருப்பேன். மற்றவர் பிள்ளைகளை வைத்துத் தெரிந்துகொண்டதை மட்டும் வாங்கிக்கொண்டேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

உட்கார்ந்த இடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்தக் கூடத்தின் தரை முழுக்க ஆத்தங்குடிக் கோலம் போட்ட கல். எட்டு மூலைப் பூ, சுற்றிலும் காவிக் கரை. குனிந்து தொட்டுப் பார்த்தால் எந்திரத்தில் அச்சடித்த பீங்கான். கண்ணாடிப் பலகையில் அச்சு வைத்து, சாயச் சிமெண்டைக் கரண்டியால் ஒவ்வோர் அறைக்கும் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறவைத்து, கண்ணாடியிலிருந்து பிரித்தெடுக்கும்போது வரும் அந்தப் பளபளப்புக்கு நெருப்பே தேவையில்லை. இதை நான்கு தலைமுறையாகச் செய்கிறோம். இன்று அலைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இதே டிசைன் பாதி விலைக்குக் கிடைக்கிறதே" என்று எங்களிடமே பேரம் பேசுகிறார்கள். செட்டிநாடு என்ற பெயரை ஒட்டாத பொருள் இல்லை, மிளகைக் கொட்டினால் செட்டிநாட்டுக் கோழி, பூவை அச்சடித்தால் ஆத்தங்குடிக் கல். சரி, கேள்விக்கு வருகிறேன்.

பதினோராம் நாள் சிறுநீர் தெளிந்தது. வீக்கம் வடிந்து பார்த்தால் பிள்ளை குச்சி. அதன்பின் ஸ்டீராய்டு முகம் வந்தது. பசி என்றால் அப்படி ஒரு பசி. வீக்கம் இருந்த நாட்களில் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். அப்பளம், வற்றல், ஊறுகாய் எல்லாவற்றையும் பரணில் ஏற்றினோம். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று என் அம்மா புலம்பிக்கொண்டே வெள்ளைப் பணியாரம் சுட்டார். இரவில் பிள்ளை நாற்காலி போட்டு ஏறி, தேன்குழல் டப்பாவைத் திறந்து தின்றுகொண்டிருந்தாள். அடிக்கக் கை ஓங்கிவிட்டு அழுதேன். உங்கள் மகன் இப்போது அடம்பிடிப்பது அவனுடைய குணம் இல்லை, மருந்து செய்கிற வேலை. அது போய்விடும்.

அடுத்து என் தவறு. மூன்று மாத மருந்து முடிந்து சில மாதத்தில், சளி பிடித்த கையோடு நோய் திரும்பியது. மறுபடி மருந்து, மறுபடி தெளிவு. இரண்டாம் முறை திரும்பியபோது எனக்கு வெறுத்துவிட்டது. தெரிந்தவர் ஒருவர் வெளியூரில் ஒருவரைக் காட்டினார். அவர், "இங்கிலீஷ் மருந்தை இன்றே தூக்கிப் போடு, நாற்பத்தெட்டு நாளில் வேரோடு எடுக்கிறேன்" என்றார். தூக்கிப் போட்டேன். என் மனைவி வேண்டாம் என்றாள், நான் அவளை அதட்டினேன். எட்டாம் நாள் பிள்ளை வயிறு பானைபோல ஆனது. பத்தாம் நாள் காய்ச்சல், வயிற்றைத் தொட விடவில்லை. வயிற்றுக்குள் சேர்ந்த நீரில் கிருமி தொற்றிவிட்டது. புரதத்தோடு சேர்ந்து நோயை எதிர்க்கும் சக்தியும் ஒழுகிப் போவதால் இந்தப் பிள்ளைகளுக்கு அது எளிதில் வருமாம். பென்சிலினும் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டும் வருவதற்கு முந்திய காலத்தில் இந்த நோயில் பிள்ளைகள் இறந்தது பெரும்பாலும் இப்படிப்பட்ட தொற்றில்தான். நான் 2017-ல் என் பிள்ளையை 1930-களுக்குக் கொண்டுபோய் விட்டிருந்தேன். பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்தோம்.

நாட்டு மருத்துவத்தைத் தாக்குகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் இன்றும் சளிக்குத் தூதுவளைதான். ஓடுகிற ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தச் சொல்பவர் எந்த மருத்துவத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன். பல வாரம் வெளியிலிருந்து மருந்து போனால் உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்துக்கொள்கிறது. திடீரென்று நிறுத்தினால் தாங்காது, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

அதன்பிறகு நாங்கள் உருப்பட்டது ஒரு நோட்டால். பட்டறையின் பழைய பில் புத்தகத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் தேதி, எடை, புரதம், மருந்து என்று கோடு போட்டேன். தினமும் காலை முதல் சிறுநீர். ஆரம்பத்தில் கண்ணாடிக் குழாயில் எடுத்து மேல்பாகத்தை மட்டும் சூடாக்கிப் பார்த்தோம். இரண்டு சொட்டு வினிகர் விட்ட பிறகும் கலங்கல் நின்றால் புரதம், முட்டை வெள்ளைக்கரு வேகும் அதே கதைதான். பிறகு சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டை வாங்கினோம். மஞ்சளாகவே இருந்தால் இல்லை, பச்சை ஏற ஏறப் புரதம். என் தொழில் கைகொடுத்தது இங்கேதான். டப்பாவில் இருக்கும் பச்சைகளை நான் சாயம் கலக்கிற கண்ணோடு பார்ப்பேன். என் மனைவி குழல் விளக்கில் மூன்று பிளஸ் என்பாள், வளவில் வெயிலில் பிடித்தால் இரண்டுதான். பட்டையை எப்போதும் ஒரே வெளிச்சத்தில் பாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து மூன்று பிளஸ் அல்லது அதற்கு மேல் என்றால் நோய் திரும்பிவிட்டது என்று கணக்கு, வீக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று நாள் தொடர்ந்து இல்லை அல்லது இலேசான தடம் என்றால் அடங்கிவிட்டது.

அடிக்கடி திரும்பியதால் லெவாமிசோல் கொடுத்தார்கள். அது உண்மையில் குடற்புழு மருந்து. "பூச்சி மருந்தையா சிறுநீரகத்துக்குக் கொடுக்கிறார்கள்" என்று சொந்தத்தில் ஒரே சிரிப்பு. ஸ்டீராய்டைக் குறைக்க அது உதவுகிறது என்று பல நாட்டுப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், எங்கள் மகளுக்கும் உதவியது. வெள்ளணு குறைகிறதா என்று அவ்வப்போது இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நான்கு வருடமாக நோய் திரும்பவில்லை. உங்களுக்கும் இதே கேளுங்கள் என்று சொல்லவில்லை, சில பிள்ளைகளுக்கு வேறு மருந்து வேண்டியிருக்கும்.

உங்கள் மனைவியிடம் ஒன்று சொல்லுங்கள். இந்நேரம் யாராவது அவரைக் குறை சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டில், வயிற்றில் பிள்ளை இருந்தபோது கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்பதுவரை போனது. சிறுநீரகத்தின் அந்தச் சல்லடையில் நெஃப்ரின் என்று ஒரு புரதம் இருக்கிறது. 1998-ல் பின்லாந்தில் பிறவியிலேயே வரும் வேறு வகை நோயை ஆராய்ந்தபோது கண்டுபிடித்தது. 2024-ல் நம் பிள்ளைகளுக்கு வந்த இந்த நோய் உள்ள 182 குழந்தைகளின் இரத்தத்தைப் பார்த்ததில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அந்த நெஃப்ரினைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருந்தது. மருந்து தொடங்காமல் நோய் முற்றி நின்றவர்களிடம் பத்தில் ஒன்பது பேருக்கு. உடம்பின் காவல்காரனே வீட்டுக் கதவை இடிக்கிறான். இதில் கிரகணம் எங்கே வருகிறது? தெரிந்த பையன் இந்தச் செய்தியை வாசித்துக் காட்டியபோது என் மனைவி ஒன்றும் பேசவில்லை. எட்டு வருடம் கழித்து அன்றைக்குத்தான் அந்தக் கொலுசைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்தாள்.

இன்று எத்தனையாவது நாள் மருந்து, காலையில் பட்டை என்ன காட்டுகிறது என்று நீங்கள் எழுதவில்லை. நோட்டு போடவில்லை என்று நினைக்கிறேன். நாளை காலை தொடங்குங்கள். தடுப்பூசி எதையும் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள், ஸ்டீராய்டு ஓடும்போது சிலவற்றைத் தள்ளிப்போடுவார்கள். பக்கத்து வீட்டில் அம்மை கண்டால் அன்றே போன் செய்யுங்கள். பட்டை டப்பாவை உடனுக்குடன் இறுக மூடி வையுங்கள். ஈரக்காற்று பட்டால் நிறம் பொய் சொல்லும்.