பகலில் மங்கும், இரவில் கூசும் திரையை எப்படிச் சரிசெய்வது?

கேள்வி: என் ஆண்ட்ராய்டு போனில் ஆட்டோ பிரைட்னஸ் போட்டிருக்கிறேன். வெயிலில் திரை மங்கிவிடுகிறது; இரவில் கண் கூசுகிறது. டிஸ்ப்ளேயை மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: சற்றுப் பொறுங்கள். நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் வெவ்வேறாக இருக்கலாம் என்பதால், முதலில் சென்சாரைச் சோதித்துவிடுவது நல்லது. சுற்றுப்புற ஒளியை அளக்கும் அந்தச் சென்சார் பெரும்பாலும் திரையின் மேல் விளிம்பில், பேசும்போது காதில் வைக்கும் ஸ்பீக்கரை ஒட்டி இருக்கும். சில மாடல்களில் திரைக்கு அடியிலேயே இருக்கும்.

அரையிருட்டான அறையில் ஆட்டோ பிரைட்னஸை இயக்கி, மேலிருந்து இழுக்கும் பட்டியைத் திறந்து, பிரைட்னஸ் கோட்டைக் கவனித்தபடியே இன்னொரு போனின் டார்ச்சை அந்த விளிம்பில் காட்டுங்கள். சில நொடிகளில் கோடு தானாக ஏறினால் சென்சார் நலமாக இருக்கிறது.

ஏறவில்லை என்றால் டெம்பர்ட் கிளாஸைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். என் போனில் புதிதாக ஒட்டிய கிளாஸின் கறுப்பு ஓரம் அரை நூல் கீழே இறங்கிச் சென்சாரை மூடியிருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது.

சென்சார் நன்றாக இருந்தும் இரவில் கூசுகிறது என்றால், போன் தவறாகப் பழகியிருக்கிறது. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், எந்த ஒளியில் நீங்கள் கோட்டை எங்கே வைக்கிறீர்கள் என்பதை அடாப்டிவ் பிரைட்னஸ் (ஆட்டோ பிரைட்னஸுக்கு ஆண்ட்ராய்டு வைத்த பெயர்) கற்றுக்கொள்கிறது. இரவில் படம் பார்க்கக் கோட்டை அடிக்கடி ஏற்றியிருந்தால், அதையே உங்கள் விருப்பம் என்று எடுத்துக்கொள்ளும். இந்த வசதியை அணைத்துவிடாமல், சில நாள்கள் இருட்டிலும் வெளிச்சத்திலும் உங்களுக்கு வேண்டிய அளவைக் கையால் வைத்துவாருங்கள். சில போன்களில், செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதியிலுள்ள டிவைஸ் ஹெல்த் சர்வீசஸின் ஸ்டோரேஜில் பழையதை அழித்துப் புதிதாகத் தொடங்கவும் வழியுண்டு.

வெயிலில் மங்குவதற்குப் பெரும்பாலும் சூடுதான் காரணம். உச்சிவெயிலின் ஒளி ஒரு லட்சம் லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) வரை போகும். விளக்கெரியும் அறையில் அது சில நூறு லக்ஸ்தான். அந்த வெயிலுக்கு ஈடாகத் திரை முழு வெளிச்சத்தில் எரியும்போது போன் கொதிக்கத் தொடங்கி, தன்னைக் காத்துக்கொள்ள வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. பைக்கில் மேப் போட்டுக்கொண்டு சார்ஜும் ஏற்றுபவர்களுக்கு இது அன்றாடத் தொல்லை. சார்ஜரைப் பிடுங்கி, கவரைக் கழற்றி, நிழலில் வையுங்கள். ஃபிரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள், உள்ளே நீர் கோத்துவிடும். பேட்டரி சேவரும் திரையை மங்கவைக்கும் என்பதால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஆட்டோ பிரைட்னஸ் சுவிட்ச் செட்டிங்ஸின் அக்சசிபிலிட்டி பகுதியில், டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸின் அடியில் இருக்கிறது.

கிளாஸ் இல்லாமலும் டார்ச்சுக்குப் பிரைட்னஸ் கோடு அசையவில்லை என்றால் மட்டுமே கடைக்குப் போங்கள். அப்போதும் டிஸ்ப்ளேயைத் தொடும் முன் சென்சாரைப் பார்க்கச் சொல்லுங்கள்; பல மாடல்களில் அது தனிச் சிறு பாகம். முன்பு டிஸ்ப்ளே மாற்றிய போன் என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.