போர்டிசோமிப் ஊசி: கால் மரத்துப்போனால் அன்றே சொல்லுங்கள்

வாசகி ஒருவரின் கேள்வி: அப்பாவுக்கு மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய். வாரம் ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் போர்டிசோமிப் ஊசி போடுகிறார்கள், கூடவே டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. சில வாரங்களாகக் கால் விரல்கள் மரத்துப்போவதாக வீட்டில் சொல்கிறார், ஆனால் டாக்டரிடம் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து அங்கே வாயே திறப்பதில்லை. இந்த ஊசியை வீட்டிலேயே ஒரு நர்ஸை வைத்துப் போட்டுக்கொள்ளலாமா? உடம்புக்கு நல்லது என்று கிரீன் டீயும் வைட்டமின் சி மாத்திரையும் கொடுக்கிறோம், தொடரலாமா?

முதலில் அந்த மரத்துப்போதலைப் பேசிவிடுவோம், ஏனென்றால் மூன்று விஷயங்களில் அதுதான் காத்திருக்க முடியாதது. போர்டிசோமிப் நரம்புகளைத் தொந்தரவு செய்யும் மருந்து, இது எல்லோருக்கும் தெரிந்த, டாக்டர்கள் எதிர்பார்க்கிற பக்கவிளைவு. பெரும்பாலும் பாதத்தில் தொடங்கும்: மரமரப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, ராத்திரியில் எரிச்சல், செருப்பு கழன்றதே தெரியாமல் நடப்பது, அப்புறம் கைவிரலுக்கும் வந்து சட்டைப் பித்தான் போடுவது சிரமமாவது. ஆரம்பத்திலேயே அளவைக் குறைத்தால் பலருக்கு இது மெல்ல மெல்லச் சரியாகிறது, முழுசாக மறைவதும் உண்டு. மறைத்து மறைத்து வலி வரும்வரை போனால் நரம்பு திரும்புவது கஷ்டம், சிலருக்கு அப்படியே தங்கிவிடும்.

உங்கள் அப்பா பயப்படுவது போல, சொன்ன உடனே மருந்தை நிறுத்த மாட்டார்கள். இதற்கென்றே படிப்படியான வழிமுறை இருக்கிறது. வழக்கமான அளவு உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 1.3 மில்லிகிராம். மரமரப்போடு வலி சேர்ந்தாலோ, அன்றாட வேலைகளில் சிலதைத் தடுக்கும் அளவுக்கு வந்தாலோ 1.0 மில்லிகிராமுக்குக் குறைப்பார்கள், அல்லது வாரம் இரண்டு ஊசி போடுகிறவர்களுக்கு ஒன்றாக்குவார்கள். அதற்கும் மேலே போனால்தான் கொஞ்ச காலம் நிறுத்திவைத்து, அடங்கிய பிறகு 0.7 மில்லிகிராமில் வாரம் ஒருமுறை என்று மறுபடி தொடங்குவார்கள். நிரந்தரமாக நிறுத்துவது மிகக் கடுமையான நிலைக்குத்தான். அப்பாவிடம் இதை அப்படியே சொல்லுங்கள்: இப்போது சொன்னால் அளவு குறையலாம், மறைத்தால்தான் மருந்தே கைவிட்டுப் போகும். அடுத்த ஊசி நாள்வரை காத்திருக்காதீர்கள், இன்றைக்கே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள், ஊசிக்கு முன்பு அவர்கள் முடிவெடுக்க வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதுவும் இதே நரம்புகளைத்தான் தாக்கும்.

ஒரு நல்ல விஷயம், அவருக்கு ஊசி தோலுக்கடியில் போகிறது. ரத்தக்குழாய் வழியாகப் போட்டவர்களையும் தோலுக்கடியில் போட்டவர்களையும் ஒப்பிட்டு 2011ல் வெளியான ஆய்வில், கடுமையான நரம்புப் பாதிப்பு முதல் கூட்டத்தில் 16 சதவீதம் பேருக்கும் இரண்டாவது கூட்டத்தில் 6 சதவீதம் பேருக்கும் வந்தது. மருந்தின் பலனில் குறைவு தெரியவில்லை.

இனி வீட்டில் போடுவது. மருத்துவமனையே பயிற்சி பெற்ற நர்ஸை அனுப்பி, ரத்தப் பரிசோதனையைப் பார்த்த பிறகு, சரிபார்த்துக் கலந்த மருந்தைக் கொடுக்கும் ஏற்பாடு சில நாடுகளில் இருக்கிறது. அது வேறு. நீங்களே குப்பியை வாங்கி, தெரிந்த நர்ஸைக் கூப்பிட்டுப் போடுவது என்றால் என் பதில் வேண்டவே வேண்டாம். காரணம் சொல்கிறேன். பரவலாகக் கிடைக்கும் பொடிக் குப்பியில் 3.5 மில்லிகிராம் மருந்து இருக்கும், ஆனால் 1.7 சதுர மீட்டர் உடல் பரப்பு உள்ளவருக்கு முழு அளவே சுமார் 2.2 மில்லிகிராம்தான். அதாவது குப்பி முழுவதும் ஒருவருக்கான டோஸ் கிடையாது. அதோடு, ரத்தக்குழாயில் என்றால் 3.5 மில்லி சலைனில் கரைப்பார்கள், தோலுக்கடியில் என்றால் 1.4 மில்லியில். ஒன்றின் கணக்கை வைத்து இன்னொன்றை உறிஞ்சினால் அளவு தலைகீழாகிவிடும். இரண்டு மடங்குக்கு மேல் போனால் ரத்த அழுத்தம் சரிந்து, பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) விழுந்து உயிரே போயிருக்கிறது. முதுகுத்தண்டு நீரில் தவறிப் போட்டும் மரணங்கள் நடந்திருக்கின்றன, அதனால்தான் சிரிஞ்சின் மேல் எந்த வழியில் போட வேண்டும் என்று எழுதி ஒட்டுகிறார்கள். பிளேட்லெட் 30,000க்குக் கீழே இருந்தால் பொதுவாக அன்றைய ஊசியைத் தள்ளிவைப்பார்கள், வீட்டில் அதை யார் பார்ப்பது?

மருத்துவமனையில் நீங்கள் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றிப் போடுகிறார்களா (வயிறு, தொடை, இடது, வலது), போன முறை போட்ட இடத்திலிருந்து குறைந்தது 2.5 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள், இன்னும் சிவந்தோ கன்றியோ இருக்கும் இடத்தில் வேண்டாம். ஒரு ஊசி தவறிவிட்டால் ஈடுகட்ட அவசரப்படாதீர்கள். இரண்டு ஊசிகளுக்கு நடுவே குறைந்தது 72 மணி நேரம் இருக்க வேண்டும், தேதியை டாக்டர்தான் மாற்றித் தர வேண்டும்.

கிரீன் டீயை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அதிலிருக்கும் ஒரு பொருள் போர்டிசோமிப் மூலக்கூறில் உள்ள போரானோடு போய் ஒட்டிக்கொண்டு மருந்தை வேலை செய்யவிடாமல் தடுப்பது ஆய்வகத்தில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. கிரீன் டீ சாறு அடைத்த மாத்திரைகள் இன்னும் மோசம். வைட்டமின் சி மாத்திரையும் அப்படித்தான், நிறுத்துங்கள். சாப்பாட்டிலும் பழங்களிலும் இயல்பாக வருகிற வைட்டமின் சியைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. மூலிகை, சத்துப்பொடி எதுவானாலும் பாட்டிலோடு டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான்.

நீங்கள் கேட்காத ஒன்று: அக்கி வராமல் தடுக்க அசைக்ளோவிர் போன்ற மாத்திரை கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இந்த ஊசி போடும் காலத்தில், உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும் சின்னம்மை வைரஸ் அக்கியாகக் கிளம்புவது சகஜம், மாத்திரைகள் அதிகமாக இருக்கின்றன என்று பலர் முதலில் விடுவது இதைத்தான், விடக்கூடாது.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர் என்றால், எழுந்து நிற்கும்போது தலைசுற்றினால் சொல்ல வேண்டும், வயிற்றுப்போக்கு இருக்கும் நாட்களில் இன்னும் கவனம். சர்க்கரை மாத்திரை எடுப்பவருக்கு டெக்ஸாமெத்தாசோன் நாட்களில் சர்க்கரை ஏறும், அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, ரத்தக்கசிவு நிற்காவிட்டாலோ, மயக்கம் வந்தாலோ, நேரம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், அங்கே போனதும் கடைசி போர்டிசோமிப் ஊசி என்றைக்குப் போட்டது என்பதை முதலில் சொல்லுங்கள்.