ரிப்பேருக்குக் குடுத்த போன்ல சீட் ஃப்ரேஸ் போட்டோ இருந்துச்சு, பின் மாத்துனா போதுமா?

கேள்வி: அண்ணே வணக்கம். நான் தேவகோட்டை. காரைக்குடியில ஒரு செல்போன் கடையில டிஸ்ப்ளே மாத்தக் குடுத்தேன், லாக் நம்பரும் சொல்லிட்டு வந்துட்டேன், மறுநாள்தான் போன் கைக்கு வந்துச்சு. அப்புறம்தான் உறைக்குது, கிரிப்டோ வாலட்டோட 12 வார்த்தைய, அதான் சீட் ஃப்ரேஸ், போட்டோ எடுத்து கேலரியிலயே வச்சிருக்கேன். பிட்காயின், ஈத்தர், யுஎஸ்டிடி (டாலர் வெலையோட ஒட்டி நிக்கிற காயின்) எல்லாஞ் சேத்து ஏழு லட்சம் கிட்ட இருக்கு, பாதி தங்கச்சி கல்யாணக் காசு, தை மாசம் கல்யாணம். இதுவரைக்கும் எதுவும் போகல. வாலட் ஆப் பின்ன மாத்திட்டேன், போட்டோவ அழிச்சுட்டேன். இது போதுமா? வித்துடலாம்னா டேக்ஸ் எகிறுமேன்னு யோசனையா இருக்கு.

பதில்: போதாது தம்பி. இத படிச்சு முடிச்ச கையோட காச மாத்துற வேலைய ஆரம்பிங்க.

பின்னுங்குறது உங்க போன்ல இருக்குற ஆப்ப தொறக்கத்தான், காசுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. காசு பிளாக்செயின்ல, அதாவது எல்லாருக்கும் பொதுவான ஆன்லைன் கணக்குப் புத்தகத்துல கெடக்கு, அத எடுக்குற சாவி அந்த 12 வார்த்தைக்குள்ள இருந்து வருது. வார்த்தை தெரிஞ்சவன் அவன் போன்ல வேற ஒரு வாலட் ஆப்ப போட்டு 'இம்போர்ட்' குடுத்தான்னா உங்க பின்னும் வேணாம், ஓடிபியும் வராது. வீட்டுச் சாவிக்கு எவனோ கள்ளச்சாவி போட்டுட்டான்னா பூட்ட மாத்துவோம், இங்க பூட்ட மாத்தவே முடியாது, சாமான வேற வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறது ஒண்ணுதான் வழி. ஆப்ப அழிச்சுட்டு திரும்பப் போடுறது, அதே வாலட்டுக்குள்ள 'அக்கவுண்ட் 2' தொறக்குறது எதுவும் உதவாது, ஏன்னா அந்த ரெண்டாவது அக்கவுண்டும் அதே 12 வார்த்தையில இருந்துதான் பொறக்குது. 'ரிவோக் பண்ணுங்க'ன்னும் சொல்லுவாங்க, அது ஏதோ ஒரு சைட்டுக்கு நீங்க குடுத்த அனுமதிய திரும்ப வாங்குறது, சாவியே வெளிய போன கேஸுக்கு அது ஆகாது.

கடைப் பையன் மேல பழி போடாதீங்க, அவன் கேலரிய தொறந்தே பாத்திருக்க மாட்டான், யாருக்குத் தெரியும். ஆனா போட்டோ இருந்ததே தப்பான எடம். 2025 பிப்ரவரியில காஸ்பர்ஸ்கி கம்பெனி ஸ்பார்க்கேட்னு ஒரு மால்வேர (திருட்டு ப்ரோகிராம) கண்டுபிடிச்சு சொன்னாங்க, கேலரியில இருக்குற படத்துல உள்ள எழுத்தப் படிச்சு சீட் ஃப்ரேஸ் இருக்கான்னு தேடுற வேலை, பிளே ஸ்டோர் ஆப் ஸ்டோர் ரெண்டுலயும் இருந்த ஆப்புக்குள்ளயே அது ஒளிஞ்சு இருந்துச்சு. இதுவரை காசு போகலங்குறதையும் ஆறுதலா எடுத்துக்காதீங்க, இன்னும் பெரிய தொகை சேரட்டும்னு காத்திருக்குற ஆளும் உண்டு.

சரி, எப்படி மாத்துறது. மொதல்ல ரிப்பேர் ஆன போன தொடாதீங்க, வீட்டுல யாரோட போனாச்சும் ஃபேக்டரி ரீசெட் போட்டு எடுத்துக்கங்க. அதுல வாலட் ஆப்ப ஒரிஜினல் சைட்ல இருக்குற லிங்க் வழியா மட்டும் போட்டு 'புது வாலட்' குடுங்க, இம்போர்ட் இல்ல, புதுசு. அது காட்டுற 12 வார்த்தைய பேனாவால பேப்பர்ல ரெண்டு காப்பி எழுதுங்க, ஸ்கிரீன்ஷாட் வேணவே வேணாம். எழுதுனது சரிதானான்னு அந்த வாலட்ட அழிச்சு, பேப்பர பாத்து ஒரு தடவ திரும்ப ஏத்திப் பாத்துருங்க, அஞ்சு நிமிஷ வேலை. லெட்ஜர், ட்ரெசர் மாதிரி ஹார்ட்வேர் வாலட் (சாவிய தனியா வச்சிருக்குற சின்னக் கருவி) இதவிட நல்லதுதான், ஆனா கூரியர் வரட்டும்னு உக்காந்திருக்காதீங்க, வந்தப்புறம் அதுக்கு இன்னொரு தடவ மாத்திக்கலாம். வாங்கும்போது கம்பெனிகிட்ட நேரா வாங்குங்க, டப்பாக்குள்ளயே வார்த்தை எழுதி வந்துச்சுன்னா அது மோசடிப் பொருள்.

இப்ப பழைய 12 வார்த்தையையும் அதே சுத்தமான போன்ல தனி வாலட்டா ஏத்துங்க, அனுப்புறதுக்கு மட்டும். எது மொதல்ல போகணுங்குறதுலதான் நெறைய பேரு மாட்டுறாங்க. எத்தீரியம் நெட்வொர்க்ல யுஎஸ்டிடி அனுப்ப கேஸ் ஃபீ, அதாவது அனுப்புற கட்டணம், ஈத்தராத்தான் கட்டணும், அதனால யுஎஸ்டிடி மொதல்ல, ஈத்தர் கடைசியில. பதட்டத்துல ஈத்தர் பூராத்தையும் மொதல்ல அனுப்பிட்டா யுஎஸ்டிடி அங்கயே மாட்டிக்கும், அத எடுக்க மறுபடி ஈத்தர் போடணும், அங்கதான் ஆபத்து, ஏன்னா திருடன் அந்த அட்ரஸ்ல ஒரு ஸ்வீப்பர் பாட்ட (காசு வந்தா தானா உருவுற ப்ரோகிராம) நிறுத்தி வச்சிருந்தா நீங்க போடுற கேஸ் காசு வந்த நொடியே தூக்கிட்டுப் போயிரும், நீங்க போடப் போட அது எடுக்கும். அப்படி ஆயிருச்சுன்னா மேல மேல காசு போடாம நிறுத்திருங்க. உங்க யுஎஸ்டிடி ட்ரான் நெட்வொர்க்ல இருந்தா ஃபீ அந்த நெட்வொர்க்கோட காயினான டிஆர்எக்ஸ்ல, அதுக்கும் இதே வரிசைதான். பிட்காயினுக்கு அந்தத் தொல்லை இல்ல, ஃபீ அதுலயே கழியும், ஆனா இன்னைக்கு ஃபீயில கஞ்சத்தனம் பாக்காதீங்க, வேகமா போறத தேர்ந்தெடுங்க.

மொதல்ல ஒரு சின்னத் தொகைய அனுப்பி வந்து சேந்துச்சான்னு பாத்துட்டு மிச்சத்த மொத்தமா அனுப்புங்க. அட்ரஸ முன்னாடி நாலு பின்னாடி நாலு எழுத்து மட்டும் பாத்தா பத்தாது, அதே மாதிரி தெரியுற போலி அட்ரஸ உங்க ஹிஸ்டரியில திணிக்கிறவங்க இருக்காங்க, நடுவுலயும் பாருங்க, பழைய ஹிஸ்டரியில இருந்து காப்பி எடுக்காதீங்க.

டேக்ஸ் பயம் வேணாம். உங்க வாலட்ல இருந்து உங்களோட இன்னொரு வாலட்டுக்குப் போறது விற்பனை இல்ல, 30 சதவீத வரியும் கெடையாது, 2022 ஜூலையில வந்த அந்த 1 சதவீத டிடிஎஸ்ஸும் கெடையாது. ஆனா ஈத்தர யுஎஸ்டிடியா மாத்துனா அது விற்பனைக் கணக்குதான், லாபம் இருந்தா வரி உண்டு. பரிவர்த்தனை ஹாஷ் (ஒவ்வொரு அனுப்புதலுக்கும் வர்ற அடையாள எண்), தேதி, வாங்குன ரசீது எல்லாத்தையும் எடுத்து வைங்க, நாளைக்கு விக்கும்போது வாங்குன வெலைய காட்ட வேணும். வரிய மிச்சம் புடிக்கிறேன்னு தள்ளிப் போட்டு மொத்தமும் போச்சுன்னா, கிரிப்டோ நஷ்டத்த வேற வருமானத்துல கழிக்கவும் சட்டம் விடாது.

கேக்காம ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. தை மாசக் கல்யாணக் காசு பிட்காயின்லயும் ஈத்தர்லயும் இருக்கக் கூடாது. மாத்தி முடிச்சு மூச்சு விட்டதும் அந்தப் பாதிய மட்டும் வித்து, வர்ற லாபத்துக்கு வரியக் கட்டிட்டு, பேங்க் எஃப்டியில போடுங்க. மண்டபத்துக்காரர் ரூபாயத்தான் கேப்பாரு.

பேப்பர எங்க வைக்கிறதுன்னா, பூர்வீக வீட்டு உள்வீட்டுல மட்டும் வேணாம். நம்ம பக்கம் ஒரு வளவுல எத்தன புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, பங்கு இருக்கு, கல்யாணம் காட்சின்னா தொறக்குறது, மத்த நாள் பூட்டியே கெடக்குறது, கரையான் வேற. ஒரு காப்பி பேங்க் லாக்கர், இன்னொண்ணு நீங்க குடியிருக்குற வீடு. லாக்கர்ல என்ன இருக்குன்னு வீட்டுல ஒரு ஆளுக்காவது தெரியணும்.

ஒருவேள நீங்க மாத்துறதுக்குள்ள காசு போயிருச்சுன்னா உடனே 1930க்கு போன் போடுங்க, cybercrime.gov.in சைட்லயும் புகார் பதிவு பண்ணுங்க, ஹாஷும் அது போன அட்ரஸும் குடுங்க. போலீஸ் வழியா கேட்டு யுஎஸ்டிடிய, அத வெளியிடுற டெதர் கம்பெனி முடக்குன கேஸ் உண்டு, பிட்காயினுக்கு அப்படி முடக்க ஆளே இல்ல. டெலிகிராம்ல 'மீட்டுத் தர்றேன், முன்பணம் போடுங்க'ன்னு வர்றவன் ரெண்டாவது திருடன்.

எல்லாம் மாத்துன பிறகும் ஒரு வேலை இருக்கு. நீங்க எக்ஸ்சேஞ்சுல (கிரிப்டோ வாங்கி விக்கிற ஆப்புல) வாங்கி வாலட்டுக்கு அனுப்புற ஆளா இருந்தா, அங்க பழைய அட்ரஸ் சேவ் ஆகி கெடக்கும், அத அழிச்சுட்டு புதுச சேருங்க. உங்களுக்கு கிரிப்டோ அனுப்புற சொந்தக்காரங்க யாராச்சும் வெளிநாட்டுல இருந்தா அவங்களுக்கும் இன்னைக்கே போன் போட்டு புது அட்ரஸ சொல்லிருங்க, இல்லன்னா அவங்க அடுத்த மாசம் அனுப்புறது நேரா பழைய அட்ரஸுக்குத்தான் போகும்.