துடிக்கிற வாலும் ஓடிப்போன பல்லியும்

ஐயா, பர்லியாற்றில் எங்கள் வீடு. போன வாரம் சமையலறைச் சுவரில் இருந்த பல்லியை என் ஆறு வயது மகன் விளக்குமாற்றால் அடித்துவிட்டான். பல்லி ஓடிவிட்டது. வால் மட்டும் தரையில் கிடந்து துள்ளியது. "நான் அதைக் கொன்னுட்டேனா?" என்று ராத்திரி முழுக்க அழுதான். "அதெல்லாம் மறுபடி முளைச்சிடும்" என்கிறார் என் மாமியார். அவனிடம் என்ன சொல்வது?
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பல்லி சாகவில்லை என்று முதலில் அவனிடம் சொல்லிவிடுங்கள். வாலைக் கழற்றிவிட்டது பல்லியேதான். அடிப்பகுதியைத் தாண்டியதும் வால் எலும்புகளின் குறுக்கே பிறவியிலேயே மெல்லிய விரிசல் இருக்கிறது. தசையை இறுக்கினால் அந்த இடத்தில் விட்டுவிடும். ரத்தக் குழாயும் உடனே சுருங்கிக்கொள்ளும். தரையில் ரத்தம் பெரிதாக இருந்திருக்காது, பார்த்திருப்பீர்கள்.

அறுந்த வாலுக்குள் தண்டுவடத்தின் ஒரு துண்டு இருக்கிறது. மூளையின் தயவு இல்லாமலே அது வாலைச் சில நிமிடம் ஆட்டிவைக்கும். பூனை அந்தத் துள்ளலையே பார்த்துக்கொண்டிருக்கும், பல்லி அதற்குள் பரணுக்குப் போயிருக்கும்.

மாமியார் சொன்னது சரிதான். ஆனால் பழைய வால் திரும்பி வராது. புது வாலுக்குள் எலும்பு இல்லை, குருத்தெலும்புக் குழாய் மட்டும்தான். அதில் விரிசலும் கிடையாது. அடுத்த முறை அதற்கு மேலே, உடம்பை ஒட்டித்தான் கழற்ற முடியும். கோத்தகிரியில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கல்சுவரில் வெயில் காயும் ஓர் அரணைக்கு அப்படித்தான். பளபளக்கிற உடம்பு, பாதி வாலில் மோதிரம் போட்டது போல ஒரு கோடு, அதற்கப்புறம் மங்கிய நிறத்தில் குட்டையான வால்.

இதற்கு அது கொடுக்கும் விலை பெரியது. பல்லி கொழுப்பைச் சேர்த்து வைப்பது வாலில்தான். இரை கிடைக்காத நாளுக்கும் முட்டைக்கும் வைத்திருந்த சேமிப்பு அது. சில பல்லிகள் திரும்பி வந்து தங்கள் வாலையே தின்றுவிடும். இன்னொரு முறை விழுந்தால் உடனே பெருக்கித் தள்ளிவிடாதீர்கள்.

இன்னொன்றும் அவனிடம் சொல்ல வேண்டும். நம் வேலியில் தலையாட்டும் ஓணானுக்கு இந்த வித்தை கிடையாது. கல் பட்டு வால் போனால் போனதுதான், பல்லிக்குப் போல முளைக்காது.

ராத்திரி டியூப்லைட் பக்கம் அவனைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பூச்சி தேடி அந்தப் பல்லி அங்கேதான் வரும். சில வாரத்தில் வெட்டுப்பட்ட இடத்தில் கூம்பு மாதிரி ஒரு சின்ன முனை தெரியும்.