அணை உடைந்தால் யாரைக் கேட்பது?

கேள்வி: அனுபவமுள்ள காண்ட்ராக்டரிடம்தான் அணை வேலையை ஒப்படைத்தோம், கரையைச் சரியாக இறுக்காமல் விட்டது அவர்தான் என்கிறார் உரிமையாளர். உடைப்பில் நட்டப்பட்டவர்களிடம் இந்தப் பதில் செல்லுமா?

பதில்: செல்லாது. இங்கிலாந்தின் ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் வழக்கே இதற்குத்தான். ரைலண்ட்ஸ் தன் ஆலைக்கு நீர்த்தேக்கம் கட்ட, தகுதியான பொறியாளரையும் காண்ட்ராக்டரையும் அமர்த்தினார். தோண்டும்போது பழைய சுரங்கக் குழிகள் தட்டுப்பட்டன. வேலை பார்த்தவர்கள் அவற்றை ஒழுங்காக அடைக்கவில்லை. 1860 டிசம்பரில் முழுக்க நிரம்பும் முன்பே தண்ணீர் அந்தக் குழிகள் வழியாக இறங்கி, பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ரைலண்ட்ஸ் மேல் சொந்தத் தவறு எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் 1868இல், அப்போது அந்நாட்டின் மேல்முறையீட்டு உச்ச மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அவரையே நட்டஈடு கட்டச் சொன்னது. சொந்தத் தவறு இல்லாவிட்டாலும் உரிமையாளரே பொறுப்பு என்ற இந்த விதியை ஆஸ்திரேலியா 1994இல் கைவிட்டது. அங்கும் உரிமையாளர் தப்பவில்லை: ஆபத்தான வேலையில் கவனமாக இருக்கும் கடமையை இன்னொருவர் தலையில் கட்டிவிட முடியாது என்று உயர் நீதிமன்றம் அதே தீர்ப்பில் சொல்லிவிட்டது.

காண்ட்ராக்டர் மேல் பாதிக்கப்பட்டவர் தனியாகவும் வழக்குப் போடலாம். கட்டிய பணத்தை உரிமையாளர் ஒப்பந்தப்படி அவரிடம் கேட்கலாம். அது அவர்கள் இருவர் கணக்கு. நட்டத்தைக் காண்ட்ராக்டரே ஈடுகட்டுவார் என்ற ஈட்டுறுதி ஷரத்து எவ்வளவு கடுமையாக இருந்தாலும், காண்ட்ராக்டர் கையில் பணமோ காப்பீடோ இல்லையென்றால் வெறும் காகிதம்தான்.

கேள்வி: உடைந்த இடத்தில் மண்ணே மிஞ்சாதே, கவனக்குறைவை எப்படி நிரூபிப்பது?

பதில்: உடைப்பின் இரு பக்கமும் கரை நிற்கும். அதைச் செங்குத்தாகச் செதுக்கினால் மண் போட்ட அடுக்குகள் தெரியும். முதலில் மதகுக் குழாயை ஒட்டிய இடத்தைப் பாருங்கள். பெரிய ரோலர் அங்கே நெருங்க முடியாது. 10 முதல் 15 செ.மீ. வரை மெல்லிய அடுக்காகப் போட்டு, கை இயந்திரத்தால் இடிக்க வேண்டும். அவசரத்தில் அதையே 30 செ.மீ. போட்டால், மேலே கெட்டியாகவும் அடியில் பொலபொலவென்றும் இருக்கும். தண்ணீர் குழாயின் ஓரமாக வழி பிடித்து மண்ணை அரித்து, கடைசியில் புழையாகிவிடும்.

அடுத்தது காகிதம். மண் அணை ஒப்பந்தங்களில் பெரும்பாலும் பிராக்டர் அடர்த்தியில் (அதே மண்ணை ஆய்வகத்தில் இடித்து இறுக்கிக் கிடைக்கும் அதிகபட்ச அடர்த்தி) 95 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, ஈரப்பதம் அந்த அடர்த்தி கிடைக்கும் உகந்த அளவிலிருந்து 2 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்று இருக்கும். சோதனைப் பதிவேட்டில் மாதம் முழுக்க 95.2, 95.3 என்றே வந்தால் சந்தேகப்படுங்கள். உண்மையான மண் அவ்வளவு கீழ்ப்படியாது. மழைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். அடைமழை நாளில் மண் நிரப்பியதாக எழுதியிருந்தால் குறுக்கு விசாரணைக்கு அது ஒன்றே போதும். அதில் மேற்பார்வைப் பொறியாளரின் கையெழுத்தும் இருக்கும் என்பதால் உரிமையாளர் தரப்பும் சேர்ந்தே மாட்டும்.

கேள்வி: கட்டிப் பத்து ஆண்டு கழித்து உடைந்தால்?

பதில்: இப்போது கேள்வி, கசிவை யார் கவனித்தார்கள் என்பது. இந்தியாவின் 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம், 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கு மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வு, அவசரச் செயல் திட்டம் போன்றவற்றை உரிமையாளரின் கடமையாக்கியிருக்கிறது. கசிவுநீரை வி வடிவ வெட்டுத் தகட்டில் அளப்பார்கள். 90 பாகை வெட்டில் நீர்மட்டம் 10 செ.மீ. என்றால் நொடிக்குச் சுமார் 4.4 லிட்டர், 12 செ.மீ. ஆனால் 6.9 லிட்டர். ‘இரண்டு சென்டிமீட்டர்தானே’ என்று விட்டவர், கசிவு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடியதை விட்டிருக்கிறார். அணை மட்டம் ஏறாமலே கசிவு ஏறினாலும், தெளிந்து வந்த நீர் கலங்கினாலும் உள்ளே மண் போகிறது என்று பொருள். அதை எழுதி வைத்துவிட்டு நடவடிக்கை எடுக்காதது, எழுதாமலே விட்டதைவிட மோசமான சாட்சியம்.

கேள்வி: பெருமழை, தெய்வச் செயல் என்று சொன்னால்?

பதில்: 1876இல் நிக்கல்ஸ் எதிர் மார்ஸ்லண்ட் வழக்கில், அலங்காரக் குளங்கள் உடைந்தபோது அந்த வாதம் வென்றது. 1917இல் ஸ்காட்லாந்தின் கிரீனக் நகராட்சி அதையே சொல்லித் தோற்றது. ஓடையின் போக்கை மாற்றியவர்கள் அசாதாரண மழைக்கும் தயாராக இருந்திருக்க வேண்டும் என்றார்கள். கலிங்கு (உபரிநீர் வெளியேறும் வழி) எந்த வெள்ள அளவுக்கு வடிவமைக்கப்பட்டது, பெய்தது எவ்வளவு, அன்று ஷட்டர்கள் எல்லாம் திறந்தனவா என்ற மூன்றையும் கேளுங்கள். ஒரு ஷட்டர் துருப்பிடித்து நின்றிருந்தாலும் தெய்வத்தைச் சாட்சிக்கு இழுக்க முடியாது.