இந்த வயதில் ராக் பேண்டை விட்டுவிட வேண்டுமா?

அன்புள்ள மேடம்,

எனக்கு 47 வயது. சென்னை பெரம்பூரில் இருக்கிறேன். கல்லூரியில் படிக்கும்போது நண்பர்களோடு சேர்ந்து ஒரு ராக் பேண்ட் தொடங்கினேன். கிடார் வாசிப்பேன், பாட்டும் எழுதுவேன். ஒரு ஆல்பம் வந்துவிட்டால் எல்லாம் மாறிவிடும் என்று அன்றிலிருந்தே நம்பி வந்தோம். எதுவும் மாறவில்லை. ஹோட்டல்களில் வாசிக்கக் கூப்பிடுகிறவர்களுக்கு எங்கள் சொந்தப் பாட்டு வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த பழைய ஆங்கிலப் பாட்டும் சினிமாப் பாட்டும்தான் வேண்டும். டிரினிட்டி கிரேடு தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு கிடார் சொல்லித் தருகிறேன். ஆனால் குடும்பம் ஓடுவது வங்கியில் வேலை பார்க்கும் மனைவியின் சம்பளத்தில்தான். மகள் பிளஸ் டூ படிக்கிறாள்.

நல்ல ஸ்டுடியோவில் முழு ஆல்பம் ஒன்றை முடித்துவிட வேண்டும் என்று மனைவியிடம் நகை கேட்டேன். "நகையை அடகு வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அவருக்கு என் மேல் நம்பிக்கை போய்விட்டது. அதே சமயத்தில் எங்கள் டிரம்மரும் "போதும்டா, என்னால முடியல" என்று விலகிவிட்டான். அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். கனடாவின் ஆன்வில் பேண்டைப் பற்றிய ஆவணப்படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஐம்பது வயதில் அவர்களை உலகம் திரும்பிப் பார்த்ததே! எனக்கு மட்டும் ஏன் கூடாது? இப்போது சரியாகத் தூக்கம் வருவதில்லை. கிடாரைத் தொடவே பிடிக்கவில்லை. பேண்டைக் கலைத்துவிடட்டுமா?

— பெரம்பூர் வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். மனைவி சொன்னது, நகையை அடகு வைக்க மாட்டேன் என்று மட்டும்தான். அடுத்த வரியிலேயே அவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை போய்விட்டது என்று எழுதுகிறீர்கள். அதை அவர் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. மகள் அடுத்த வருடம் கல்லூரியில் சேரப் போகிற நேரத்தில் வீட்டில் இருக்கும் ஒரே சேமிப்பைக் காப்பாற்ற நினைக்கிறார். இத்தனை வருடங்களாக அவர் சம்பளத்தில் வீடு நடந்ததால்தான் உங்களால் வாசிக்க முடிந்தது. உங்கள் இசைக்கு மிக அதிகமாகச் செலவு செய்தவர் அவர்தான். இதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்களா?

அந்தப் படத்துக்கு வருகிறேன். எனக்கும் பிடித்த படம் அது. 1984-ல் ஜப்பானில் ஸ்கார்பியன்ஸ், வைட்ஸ்னேக், பான் ஜோவி எல்லாம் வாசித்த ராக் விழாவில் ஆன்வில்லும் வாசித்தது. மற்றவர்களின் ஆல்பங்கள் கோடிகளில் விற்றன. ஆன்வில்லின் பாடகர் ஸ்டீவ் குட்லோ டொரான்டோவில் பள்ளிகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தார். பிறகு அவருடைய சகோதரி கடனாகக் கொடுத்த பணத்தில் பதின்மூன்றாவது ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். பெரிய கம்பெனி எதுவும் எடுத்துக்கொள்ளாததால் தாங்களே வெளியிட்டார்கள். கவனியுங்கள், கடன் வாங்கிச் செய்த அந்த ஆல்பம் அவர்கள் வாழ்க்கையை மாற்றவில்லை. மாற்றியது 2008-ல் வந்த அந்த ஆவணப்படம். அதை எடுத்த சாஷா ஜெர்வாசி, பதின்ம வயதில் அவர்களுடைய சுற்றுப்பயணங்களில் கூடவே போய் எடுபிடி வேலை செய்த ரசிகர். வளர்ந்து சினிமாவுக்குப் போனவர், பழைய பாசத்தில் அவர்களைத் தேடி வந்தார். இப்படி ஒருவர் வருவார் என்று யாரும் திட்டம் போட முடியாது. நகையை வைத்து அதை வாங்கவும் முடியாது.

குட்லோவும் டிரம்மர் ராப் ரெய்னரும் பதினான்கு வயதிலிருந்து நண்பர்கள். ரெக்கார்டிங் நடக்கும்போதே சண்டை போடுகிறார்கள், பிரியும் அளவுக்குப் போய் அழுது சமாதானமாகிறார்கள். என் பார்வையில் படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் அந்த நட்புக்காகத்தானோ என்று தோன்றுகிறது. உங்கள் டிரம்மர் போனதை வெறும் ஆள் குறைந்ததாக நினைத்து அடக்கப் பார்க்கிறீர்கள். அது ஒரு பெரிய இழப்பு. அதற்காக வருத்தப்படுங்கள், தப்பே இல்லை.

ஆர்வத்தைப் பற்றி ஆய்வு செய்த கனடா உளவியலாளர் ராபர்ட் வாலரண்ட் 2003-ல் வெளியிட்ட கட்டுரையில் அதை இரண்டு வகையாகப் பிரித்தார். ஒன்று, வாழ்க்கையின் மற்ற விஷயங்களோடு ஒத்துப்போகும் ஆர்வம். மற்றது, நம்மைப் பிடித்து ஆட்டுவிப்பது. அது கைகூடாவிட்டால் நாமே ஒன்றுமில்லை என்று தோன்ற வைக்கும். ஒரே மனிதருக்கு ஒரே கிடாரின் மேல் இரண்டும் இருக்கலாம். பாட்டு எழுதும்போது இருக்கிற சந்தோஷம் முதல் வகை. ஆல்பம் வராவிட்டால் நான் தோற்றவன் என்று ராத்திரி தூங்கவிடாமல் செய்வது இரண்டாவது. விட வேண்டியது அதைத்தான். அதற்காகப் பேண்டைக் கலைக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எட்டாத இலக்கை விடுவதோடு, கைக்கு எட்டும் வேறொன்றைப் பிடித்துக்கொள்கிறவர்கள் மனதளவில் நன்றாக இருக்கிறார்கள் என்று உளவியலாளர் கார்ஸ்டன் ராஷ் போன்றவர்களின் ஆய்வுகளும் சொல்கின்றன.

ஆகவே ஆல்பத்துக்குக் கடன் வேண்டாம். உங்கள் கிடார் வகுப்பு வருமானத்தில் மாதம் எவ்வளவு இசைக்கு எடுக்கலாம் என்று மனைவியோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அந்தப் பணத்துக்குள் இரண்டு பாட்டை வீட்டிலேயே பதிவு செய்யலாம். உங்களிடம் படிக்கும் பெரிய பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களில் யாருக்காவது உங்கள் சொந்தப் பாட்டை வாசித்துக் காட்டியதுண்டா?

தூக்கமின்மையும், பிடித்ததைத் தொடவே பிடிக்காமல் போவதும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். தயக்கமாக இருந்தால் முதலில் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ல் பேசலாம், இலவசம்தான், தமிழிலும் பேசுவார்கள்.

டிரம்மருக்கு இந்த வாரமே போன் செய்யுங்கள். பேண்டுக்குத் திரும்பி வா என்று கேட்காதீர்கள். "என்னால முடியல" என்று அவர் சொன்னாரே, என்ன முடியவில்லை என்று மட்டும் கேளுங்கள்.