பாக்கெட் உணவை எங்கிருந்து குறைக்கத் தொடங்குவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அதிகம் பதப்படுத்தப்பட்ட உணவுகளைப் பற்றி வந்த கேள்விகளில் பலவற்றை, "இத்தனை நாள் தவறு செய்துவிட்டேனோ" என்ற வருத்தத்தோடுதான் எழுதியிருந்தார்கள். அந்த வருத்தம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரமில்லாத வீடுகளின் நெருக்கடியை நன்றாகப் புரிந்துகொண்டு தயாரிக்கப்படும் பொருள்கள் இவை. இவற்றை வாங்கியதற்காக யாரும் தலைகுனிய வேண்டியதில்லை. மாற்றத் தொடங்குவதற்கு எந்த நாளும் தாமதமான நாள் அன்று.

கேள்வி: மாவு அரைப்பதும் பாலைக் காய்ச்சுவதும்கூடப் பதப்படுத்துவதுதானே? பிறகு எதைத்தான் 'அதிகம் பதப்படுத்தப்பட்டது' என்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. உலர்த்துவதும் புளிக்கவைப்பதும் உப்பிட்டு வைப்பதும் மனிதர்களைப் பஞ்ச காலங்களில் காப்பாற்றிய முறைகள். அவற்றின் மீது யாருக்கும் குறையில்லை. பிரேசிலின் சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டேரோவும் அவருடைய குழுவினரும் 2009இல் முன்வைத்துப் பின்னர் செம்மைப்படுத்திய 'நோவா' வகைப்பாடு, உணவை நான்கு வகையாகப் பிரிக்கிறது. காய், பழம், தானியம், பருப்பு, முட்டை, மீன், பால் ஆகியவை முதல் வகை. எண்ணெய், உப்பு, சர்க்கரை போலச் சமையலில் சேர்ப்பவை இரண்டாம் வகை. இவ்விரண்டையும் சேர்த்துச் செய்யும் பாலாடைக்கட்டி, உப்பு நீரில் டின்னில் அடைத்த பயறு போன்றவை மூன்றாம் வகை. நான்காவதுதான் நாம் பேசும் அல்ட்ரா பிராசஸ்டு வகை. முழு உணவைப் பிரித்தெடுத்துக் கிடைக்கும் ஸ்டார்ச், புரதம், சர்க்கரைப் பாகு, கொழுப்பு ஆகியவற்றைத் தொழிற்சாலையில் மீண்டும் ஒன்றுசேர்த்து, மணமும் நிறமும் ஏற்றி உருவாக்கப்படுபவை இவை.

கடையில் இரண்டு தயிர்க் கோப்பைகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒன்றின் பின்புறம் 'பால், உறை நுண்ணுயிர்கள்' என்று ஒரே வரி இருக்கும். பழப்படம் போட்ட இன்னொன்றில் பால், சர்க்கரை, மாற்றியமைக்கப்பட்ட ஸ்டார்ச், கெட்டிப்படுத்தும் பொருள், மணமூட்டி, நிறமூட்டி என்று ஐந்தாறு வரிகள் நீளும். பழம் பெரும்பாலும் சிறிய அளவில்தான் இருக்கும். இரண்டுமே தயிர்தான். ஆனால் இரண்டாவதை வீட்டில் செய்ய நினைத்தால், அந்தப் பட்டியலில் பாதிப் பொருள்கள் எந்தச் சமையலறையிலும் இருக்காது. மால்டோடெக்ஸ்ட்ரின், குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சர்க்கரை, ஹைட்ரஜன் ஏற்றிய கொழுப்பு, எமல்சிஃபையர் போன்ற சொற்களைக் கண்டால் அது நான்காம் வகை என்று பெரும்பாலும் தயங்காமல் முடிவு செய்யலாம்.

கேள்வி: லேபிளில் உள்ள எண்களைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. எண் இருந்தால் ரசாயனம் என்று ஒதுக்கிவிடலாமா?

வேண்டாம். அவை உணவில் சேர்க்கும் பொருள்களுக்குத் தரப்பட்ட அடையாள எண்கள்தான். 300 என்ற எண் குறிப்பது வைட்டமின் சி. 330 என்பது எலுமிச்சையில் இயற்கையாகவே உள்ள சிட்ரிக் அமிலம். எண்களுக்கு அஞ்சுவதைவிட மூன்று விஷயங்களைப் பார்க்கப் பழகுங்கள். முதலாவது, பொருள்களின் வரிசை. எடையில் அதிகமாக உள்ளது முதலில் வரும் என்பதே பொதுவான விதி. சர்க்கரையை மூன்று வெவ்வேறு பெயர்களில் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டாவது, 'ஒரு பரிமாறலுக்கு' என்ற கணக்கை விட்டுவிட்டு 100 கிராமுக்கு உரிய கணக்கைப் பாருங்கள். மூன்றாவது, சோடியத்தை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 100 கிராமில் 600 மில்லிகிராம் சோடியம் என்றால் அது 1.5 கிராம் உப்பு. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

கேள்வி: சர்க்கரையும் கொழுப்பும் அதிகம் என்பதுதான் பிரச்சினை என்றால் அவற்றை மட்டும் குறைத்தால் போதாதா? பதப்படுத்துவதே கெடுதல் என்பதற்கு ஆதாரம் உண்டா?

இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் இங்கேதான் மிகைப்படுத்தலும் அலட்சியமும் சம அளவில் உலவுகின்றன.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் கெவின் ஹால் தலைமையில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், 20 பேர் நான்கு வாரங்கள் ஆய்வு மையத்திலேயே தங்கினார்கள். இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தப்பட்ட உணவும், இரண்டு வாரம் குறைவாகப் பதப்படுத்தப்பட்ட உணவும் தரப்பட்டன. முன்னால் வைக்கப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஆகியவை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். விரும்பும் அளவு சாப்பிடலாம் என்பதே நிபந்தனை. பதப்படுத்தப்பட்ட உணவு தந்த நாள்களில் அவர்கள் தினமும் சராசரியாகச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். இரண்டு வாரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ எடை கூடியது; மற்ற உணவில் அதே அளவு குறைந்தது. அதிகம் பதப்படுத்தப்பட்ட உணவை அவர்கள் வேகமாகவும் சாப்பிட்டார்கள். மெல்லத் தேவையில்லாத உணவு, வயிறு நிறைந்தது என்று உடல் உணரும் முன்பே உள்ளே போய்விடுகிறது என்பது இதற்கான விளக்கங்களில் ஒன்று.

2024இல் பிஎம்ஜே மருத்துவ இதழ் வெளியிட்ட ஒரு பெருந்தொகுப்பு, ஏறக்குறைய ஒரு கோடிப் பேரின் தரவுகளைக் கொண்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. இதய நோய், இரண்டாம் வகை நீரிழிவு, மனச்சோர்வு உட்பட 32 உடல்நல விளைவுகளோடு இவ்வகை உணவுக்குத் தொடர்பிருப்பதாக அது கூறியது. ஆனால் அவை பெரும்பாலும் மக்களைத் தொடர்ந்து கவனித்துச் செய்த ஆய்வுகள். தொடர்பு இருப்பதைக் காட்டுமே தவிர, இதுதான் காரணம் என்று அவற்றால் நிறுவ முடியாது. 2025இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 55 பேரிடம் நடத்திய சோதனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரிட்டன் அரசின் உணவு வழிகாட்டலுக்கு உட்பட்டுத் தேர்ந்தெடுத்தபோது, பதப்படுத்தப்பட்ட உணவை எட்டு வாரம் உண்டவர்களுக்கும் எடை சற்றே குறைந்தது. ஆனால் குறைவாகப் பதப்படுத்தியதை உண்டபோது அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு குறைந்தது.

ஆகவே சர்க்கரை, உப்பு, கொழுப்பு ஆகியவற்றைக் குறைப்பதில் கட்டாயம் பலன் உண்டு. ஆனால் அதோடு விஷயம் முடிந்துவிடவில்லை என்பதே என் கருத்து. இந்த வகையில் உள்ள எல்லாமே ஒரே அளவு கெடுதலும் அல்ல. குளிர்பானங்களும் பதப்படுத்திய இறைச்சியும்தான் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப முன்னால் நிற்கின்றன. பதப்படுத்திய இறைச்சி மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியது. கடையில் வாங்கும் முழுதானிய ரொட்டியை அந்த வரிசையில் வைத்துப் பயப்படுவது தேவையற்றது.

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வீடு திரும்ப இரவு ஏழு மணி. பாக்கெட்டைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியே தெரியவில்லை.

'எல்லாவற்றையும் புதிதாகச் சமையுங்கள்' என்று உங்களிடம் சொல்வது அநீதி. இதே சிக்கலோடு ஆலோசனைக்கு வந்த ஒரு தாயிடம், ஒரு வாரம் பிரித்த உறைகளையெல்லாம் தூக்கி எறியாமல் ஒரு பையில் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னேன். மேசையில் கொட்டி வகைவகையாக அடுக்கினோம். முப்பதுக்கும் மேற்பட்ட உறைகள் இருந்தன. ஆனால் வகை என்று பார்த்தால் ஐந்துதான். அவற்றிலும் பாதிக்கு மேல் மாலை பசிக்குத் தின்ற பிஸ்கட்டும் இனிப்புப் பானமும். இரவுச் சமையலை நினைத்து வருந்திக்கொண்டிருந்தவருக்கு, உண்மையான இடம் மாலை ஐந்து மணி என்பது அப்போதுதான் தெரிந்தது. வேகவைத்த முட்டை, வறுத்த கடலை, பழம் ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குக் கை எட்டும் இடத்தில் வைக்கத் தொடங்கினார். அந்த மாதம் இரவு உணவில் அவர் எந்த மாற்றமும் செய்யவில்லை. நீங்களும் அந்தப் பையிலிருந்தே தொடங்குங்கள்.

இரவுக்கு, உறையவைத்த காய்கறிகளையும் டின்னில் வரும் பயறு வகைகளையும் தயங்காமல் வாங்குங்கள். உறைந்த பட்டாணி அதிகம் பதப்படுத்தப்பட்ட உணவு அன்று. சத்தும் பெரிதாகக் குறைவதில்லை. டின் பயறை வடிகட்டிக் கழுவினால் உப்பு கணிசமாக இறங்கிவிடும். பருப்போ தானியமோ வேகவைக்கும் நாளில் இரண்டு மடங்காக வேகவைத்து, பாதியைப் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். சமைத்தது இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும், உள்ளே வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும், மூன்று நான்கு நாள்களுக்குள் ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிட்டுவிட வேண்டும். சோற்றைப் பெரிய பாத்திரத்தில் அப்படியே விடாமல் பரப்பி ஆறவிடுவது முக்கியம். சமையலுக்குத் தப்பிக்கும் சில பாக்டீரிய வித்துகள், சோறு வெதுவெதுப்பாகவே இருந்தால் பெருகி நஞ்சை உண்டாக்கும். மீண்டும் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கேள்வி எழுதியது நீங்கள். உங்கள் கணவர் அல்லர். சமையல் மாற்றத்தின் முழுச் சுமையும் ஒருவர் தலையில் விழுந்த வீடுகளில் அந்த மாற்றம் ஒரு மாதம் தாங்கி நான் பார்த்தது அரிது. காய் நறுக்குவதும் அடுத்த நாளுக்கு ஊறவைப்பதும் யார் வேலை என்பதைப் பேசி முடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: ஆறு வயது மகன் காலையில் இனிப்பு சீரியலைத் தவிர எதையும் தொடுவதில்லை. நிறுத்தினால் பட்டினி கிடக்கிறான்.

ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். இந்த வாரம் கிண்ணத்தில் முக்கால் பங்கு அவனுடைய சீரியலும் கால் பங்கு சர்க்கரை சேர்க்காத ஓட்ஸும் போடுங்கள். அடுத்த வாரம் பாதிக்குப் பாதி. நாக்கு பழகும் வேகத்தில்தான் போக வேண்டும். புதிய உணவு ஒன்றைக் குழந்தை ஏற்றுக்கொள்ளப் பத்துத் தடவைக்கு மேலும் அது தட்டில் வர வேண்டியிருக்கலாம். பெரும்பாலான பெற்றோர் மூன்றாவது மறுப்பிலேயே 'இவனுக்குப் பிடிக்காது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். என்ன வைப்பது என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். எவ்வளவு என்பதை அவன் தீர்மானிக்கட்டும். "காயைச் சாப்பிட்டால் சாக்லேட்" என்ற பேரத்தை மட்டும் செய்யாதீர்கள். காய் தண்டனை, சாக்லேட் பரிசு என்பதையே அது கற்றுத்தரும்.

ஒரு எச்சரிக்கை: பல சீரியல்களில் இரும்புச்சத்து செறிவூட்டப்பட்டிருக்கும். அதைக் குறைக்கும்போது பருப்பு, முட்டை, இறைச்சி போன்றவற்றால் ஈடுகட்ட வேண்டும். பருப்போடு புளிப்பான பழம் ஒன்றைத் தந்தால் இரும்பு நன்றாக உடலில் சேரும்.

கேள்வி: மகளுக்குக் குளிர்பானம் இல்லாமல் முடியாது. 'சர்க்கரை இல்லாத' வகைக்கு மாற்றிவிட்டோம். சரிதானே?

330 மில்லி குளிர்பானம் ஒன்றில் சுமார் 35 கிராம், அதாவது எட்டு ஒன்பது டீஸ்பூன் சர்க்கரை இருக்கும் என்பதால், உங்கள் மாற்றம் அந்த அளவில் ஒரு படி முன்னேற்றம்தான். ஆனால் உடல் எடையைக் கட்டுப்படுத்தச் செயற்கை இனிப்பூட்டிகளைச் சார்ந்திருக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது. இனிப்பின் மீதான பழக்கமும் இதனால் மாறுவதில்லை. இந்த மாற்றத்தை ஒரு படிக்கட்டாகப் பயன்படுத்திக்கொண்டு, தண்ணீருக்கோ சர்க்கரையில்லாத எலுமிச்சை நீருக்கோ மெல்ல நகருங்கள்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்கு ஃபார்முலா பால் தருகிறேன். அதுவும் இந்த வகையில் வருகிறது என்று படித்ததும் நிறுத்திவிடலாமா என்று தோன்றுகிறது.

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். வகைப்பாட்டின்படி அது நான்காம் வகையில் வருவது உண்மை. ஆனால் தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்கு உயிர் காக்கும் உணவு அது. அதில் என்னென்ன சத்து எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்குச் சர்வதேச விதிகள் உண்டு. வீட்டில் நாமாகக் கலக்கும் பால் அதற்கு ஈடாகாது. உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம். முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் மருத்துவர் எழுதித் தந்த சத்துப் பானங்களுக்கும் இதே பதில்தான். ஒரு வயதைக் கடந்த பிள்ளைகளுக்கென விற்கப்படும் 'வளரும் பருவப் பால் பவுடர்' மட்டும் வேறு. பொதுவாக அது தேவையில்லை.

கேள்வி: அலமாரியில் ஏற்கெனவே இருப்பவற்றை என்ன செய்வது? குப்பையில் போட மனமில்லை.

போட வேண்டாம். உணவை வீணாக்கிவிட்டுத் தொடங்கும் மாற்றம் வீட்டில் உள்ள மற்றவர்களுக்குக் கோபத்தைத்தான் தரும். இருப்பதைச் சாப்பிட்டு முடியுங்கள். தீர்ந்ததும் அதே பொருளைப் பட்டியலில் மீண்டும் எழுதும் முன், அந்த ஒன்றுக்கு மட்டும் ஒரு மாற்று யோசியுங்கள். அதுவரை அவற்றை மேல் தட்டில் மூடிய டப்பாவில் வைத்து, பழக்கூடையை மேசைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.